பம்பு எழுப்பும் ஒலியும் பதிவேட்டில் ஏறாத சொல்லும்

மொழியியலில் முதுகலை முடித்தவருக்கு இரசாயன ஆலையின் பம்பு அறையில் என்ன வேலை என்று கொல்கத்தாவில் என்னைச் சந்திக்கும் தமிழ் நண்பர்கள் கேட்கிறார்கள். இயந்திரம் பழுதாகும்போது தொழிலாளர் அதை எந்தச் சொற்களால் குறிக்கிறார்கள் என்பதே என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள் என்று சொன்னால், கேட்டவரின் வியப்பு இரட்டிப்பாகிறது. ஒரு வரியில் விடையளிக்க இயலாததால் இந்த நீண்ட பதிவு. பொறியியல் பயின்ற நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவற்றையும் நான் இங்கே சொல்ல நேர்வதைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் பம்பைப் பற்றி. இரசாயன ஆலை ஒன்றின் உயரமான கோபுரங்களும் பெருங்கொள்கலன்களும் பார்வையாளரின் கண்ணைக் கவரும். ஆனால் அமிலத்தையும் காரத்தையும் கரைப்பானையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்துபவை தரையோடு தரையாக அமர்ந்திருக்கும் பம்புகளே. நடுத்தர ஆலை ஒன்றில்கூட அவை நூற்றுக்கணக்கில் உண்டு. சுழலும் தண்டு உடற்பகுதியைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் திரவம் கசியாமல் காப்பது மெக்கானிக்கல் சீல். ஒன்று சுழல, மற்றொன்று அசையாதிருக்க, மிக நேர்த்தியாகத் தேய்த்து மெருகிட்ட இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று அழுத்தி நிற்கும். அவற்றிடையே தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய திரவப் படலம் ஓடும். அப்படலம் வற்றினால் வளையங்கள் சூடேறி வெடிக்கும். உள்ளே இருப்பது தண்ணீரானால் தரை நனையும். நச்சானால் உயிர் போகும்.

சீல் கசிந்தால் சீலை மாற்றுவது வழக்கம். மாற்றிய சீல் மூன்று மாதத்தில் மீண்டும் கசிந்தால் மீண்டும் மாற்றுவார்கள். ஆனால் பெரும்பாலும் குற்றம் சீலினுடையது அன்று. மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாதிருக்கலாம். பொருத்தும்போது வளைத்து இழுத்துப் போல்ட்டு முடுக்கிய குழாய், பம்பின் உடலை ஓயாமல் திருகிக்கொண்டிருக்கலாம். வடிவமைத்த அளவில் பாதியைக்கூட ஓட விடாமல் வெளியேற்று வால்வை யாரோ நெரித்து வைத்திருக்கலாம். இவை ஒவ்வொன்றும் தண்டை நடுங்கச் செய்யும். நடுங்கும் தண்டு சீலையும் பேரிங்கையும் தின்னும். குண்டு பேரிங் ஒன்றின்மீது விழும் சுமை இரு மடங்கானால் அதன் கணக்கிட்ட ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. தலைமுடியளவு கோணல் ஆண்டுக்கணக்கான ஆயுளைப் பறிப்பது இவ்வாறுதான்.

பாகங்களுக்குக் காலவரம்பு விதித்து முன்கூட்டியே மாற்றிவிட்டால் தொல்லை தீராதா என்ற கேள்வி எழும். விமானத் துறை இக்கேள்வியை நெடுங்காலம் ஆராய்ந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் நோலனும் ஹீப்பும் 1978-இல் அளித்த அறிக்கை, ஆய்வுக்கு உட்பட்ட பாகங்களில் 89 விழுக்காட்டுக்கு வயது வரம்பு விதிப்பதால் பயனில்லை என்று காட்டியது. பழுது வயதைப் பார்த்து வருவதில்லை. ஆனால் வருமுன் பெரும்பாலும் அடையாளம் காட்டுகிறது. முதல் அடையாளம் தென்படுவதற்கும் இயந்திரம் நின்றுபோவதற்கும் இடையில் ஓர் அவகாசம் உண்டு. அது சில மாதங்களாகவும் இருக்கலாம், சில மணி நேரமாகவும் இருக்கலாம். நம்பகமான ஆலைக்கும் நம்ப முடியாத ஆலைக்கும் உள்ள வேறுபாடு, அந்த அவகாசத்தை யார் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அடையாளத்தை முதலில் உணரும் மனிதர் அதைச் சொல்ல வேண்டும். சொன்னது, முடிவெடுப்பவரை உருச்சிதையாமல் சென்றடைய வேண்டும். இந்த இடத்தில் என் துறை உள்ளே நுழைகிறது.

என் தாய்மாமா தமிழ்நாட்டில் ஒரு உர ஆலையில் முப்பதாண்டுகள் பம்பு இயக்குநராக இருந்தவர். நீண்ட திருப்புளி ஒன்றின் முனையைப் பேரிங் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார். 'முனகுது' என்றால் ஒன்று, 'கரகரங்குது' என்றால் வேறொன்று, 'சரளை அள்ளுது' என்றால் முற்றிலும் மற்றொன்று. மூன்றாவதைப் பொறியியல் நூல்கள் கேவிட்டேஷன் என்று பெயரிட்டு விளக்குகின்றன. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் திரவத்தின் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்கினால், கொதிநிலைக்கு வராத திரவத்திலும் குமிழிகள் தோன்றும். அழுத்தம் கூடிய இடத்தை அடைந்ததும் அவை இம்பெல்லரின்மேல் நொறுங்கி, உலோகத்தைக் குழி குழியாக அரிக்கும். அப்போது எழும் ஓசை குழாய்க்குள் கூழாங்கல் ஓடுவது போலிருக்கும் என்று பாடநூல்கள் வருணிக்கின்றன. மாமா அந்நூல்களைப் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் கண்ட உவமையும் அதுவே.

பதிவேட்டில் அவர் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. 'சரளை அள்ளுது' என்பது அங்கே 'நாய்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லாயிற்று. முனகலும் கரகரப்பும் அதே 'நாய்ஸ்'தான். பொறியாளர் காலையில் வந்து பார்க்கும்போது, உறிஞ்சுகுழாய் வடிகட்டி அடைத்திருக்கிறதா, பேரிங்கின் ஓடுபாதை உரிந்திருக்கிறதா, எண்ணெய் வற்றியதா என்று பிரித்தறிய அச்சொல்லில் எதுவும் எஞ்சியிருக்காது. பணி ஓய்வு பெறும்போது மாமாவின் இடது காது ஏறத்தாழக் கேட்கும் திறனை இழந்திருந்தது. கம்ப்ரசர் இரைச்சல் முதலில் பறிப்பது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் ஆற்றலைத்தான். பேரிங்கின் தொடக்கநிலைப் பழுது பேசுவதும் பெரும்பாலும் அந்த அதிர்வெண்களில்தான். ஆலை அவருடைய செவியைச் செலவழித்தது. அச்செவி சேர்த்து வைத்த சொற்களை எங்கும் வரவு வைக்கவில்லை.

இந்த இழப்பின் அளவை மொழியியல் மாணவர்கள் எளிதில் உணர்வார்கள். ஒலியைப் பிரித்துக் கூறும் சொல்வளம் நம் மொழிகளின் தனிச்சிறப்புகளில் ஒன்று. தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே இரட்டைக்கிளவிக்கு இடமளிக்கிறது. கடகட, நறநற, சலசல, தடதட என்பவற்றைத் தமிழர் எவரும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வழங்குவதில்லை. வங்காளத்தில் இரவீந்திரநாத் தாகூர், 1909-இல் வெளிவந்த 'சப்ததத்துவம்' என்னும் நூலில், இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்களுக்கெனக் கட்டுரை எழுதினார். இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாகக் காட்டிய எமனோ, 1969-இல் எழுதிய கட்டுரையில் திராவிட மொழிகளும் இந்தோ-ஆரிய மொழிகளும் பகிர்ந்துகொள்ளும் கூறுகளில் ஒன்றாக இச்சொற்களைச் சுட்டினார். குடும்பத்தால் வேறுபட்ட மொழிகள் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்து பொதுவுடைமையாக்கிக்கொண்ட செல்வம் இது.

ஹூக்ளிக் கரையில் நான் களப்பணி செய்யும் ஆலையில் இச்செல்வம் நாள்தோறும் புழங்குவதைக் கேட்கிறேன். வங்காளத் தொழிலாளர் 'கட்கட்' என்பது தட்டும் ஓசை. கப்ளிங் தளர்ந்ததை அது குறிக்கும். 'கர்கர்' என்பது உருளும் கரகரப்பு. பேரிங்கை நோக்கிக் கைகாட்டும். 'கோங் கோங்' என்பது சுமை தாங்காமல் மோட்டார் முனகுவது. மூச்சொலியும் அதிர்வொலியும் வேறுபடும் இச்சொற்களைத் தமிழ் எழுத்து முழுமையாகக் காட்டாது. காதால் கேட்டால் குழப்பமே எழாது. போஜ்புரி பேசுவோரும் ஒடியா பேசுவோரும் சில வாரங்களில் இவற்றைக் கற்றுக்கொள்கிறார்கள். ஆலைப் படிவத்தில் இருப்பதோ 'இயல்புக்கு மாறான ஒலி: உண்டு / இல்லை' என்ற ஒரே கட்டம்.

கருவிகள் இருக்கும்போது காது எதற்கு என்பது நியாயமான மறுப்பு. அதிர்வை அளந்து, அதன் அதிர்வெண் பரவலைப் பிரித்து, பேரிங்கின் உள்வளையத்தில் பழுதா வெளிவளையத்தில் பழுதா என்றுகூட இன்று சொல்ல முடிகிறது. இதை நான் மறுக்கவில்லை. எந்தச் செவியும் அத்துணை நுட்பமாகக் கேட்காது. ஆனால் நிரந்தர உணரிகள் பெரிய கம்ப்ரசர்களிலும் முதன்மையான இயந்திரங்களிலுமே பொருத்தப்படுகின்றன. எஞ்சிய பம்புகளுக்குக் கைக்கருவியுடன் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து போவார். அவ்விரு வருகைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் அப்பம்புகளுக்குக் காவல், அவற்றைக் கடந்து நடக்கும் மனிதரின் காதும் கையும் மூக்கும்தான்.

வங்காளத்தின் பருவநிலை இக்காவலை இன்னும் இன்றியமையாததாக்குகிறது. ஓடும் பம்பின் பேரிங் பெட்டி சூடேறி உள்ளிருக்கும் காற்றை வெளிவிடும்; நிறுத்தியதும் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளிழுக்கும். ஆடி ஆவணி மாதங்களில் இங்கே அது இழுப்பது ஈரம் செறிந்த காற்று. அந்த ஈரம் எண்ணெயில் கலந்து, மிகச் சிறு அளவிலேயே பேரிங்கின் ஆயுளைக் குறைக்கும். எண்ணெய்க் கண்ணாடியில் பால்போல் வெண்மை தெரிந்தால் பழுது வெகுதூரம் முன்னேறிவிட்டது என்று பொருள். மாற்றுக்கென நிறுத்தி வைத்திருக்கும் பம்பும் ஓய்வில் இருப்பதில்லை. அருகில் ஓடும் பம்பின் அதிர்வு, அசையாது நிற்கும் பேரிங்கின் குண்டுகளை ஒரே இடத்தில் உரசவிட்டுத் தழும்பேற்றும். ஆகையால்தான் அதன் தண்டை அவ்வப்போது கையால் திருப்பிவைக்கச் சொல்கிறார்கள். அவசரத்தில் உதவும் என்று நம்பி வைத்தது, யாரும் தொடாததாலேயே அவசரத்தில் கைவிடும்.

மொழியும் இரசாயன ஆலையும் ஒரே மனிதரிடம் கூடியதற்குக் கொல்கத்தாவிலேயே முன்னுதாரணம் உண்டு. மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த பிரஃபுல்ல சந்திர ராய் தொடங்கிய பெங்கால் கெமிக்கல் 1901-இல் வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. அதில் 1903-இல் வேதியியலராகச் சேர்ந்து, பின்னர் அதன் நிர்வாகத்தையே ஏற்று நடத்தியவர் ராஜசேகர பாசு. பரசுராமன் என்ற புனைபெயரில் வங்காளத்தைச் சிரிக்கவைத்த எழுத்தாளர் அவரே. 'சலந்திகா' என்ற அகராதியைத் தொகுத்தவரும், 1930-களில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் எழுத்துச் சீர்திருத்தக் குழுவுக்கும் கலைச்சொல் குழுவுக்கும் தலைமை தாங்கியவரும் அவரே. அமிலமும் மருந்தும் செய்த ஆலையின் பொறுப்பையும் அறிவியலுக்குத் தாய்மொழிச் சொல் தேடும் பொறுப்பையும் ஒரே வாழ்வில் சுமந்தவர். தமிழ்நாட்டிலும் அதே காலப்பகுதியில் அம்முயற்சி நடந்தது. சேலத்தில் 1916-இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு கழகமே நிறுவினார்கள்.

இம்முன்னோர்மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆயினும் ஓர் இடைவெளியைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. கலைச்சொல்லாக்கம் வகுப்பறையை நோக்கியே நடந்தது. தனிமத்துக்கும் சேர்மத்துக்கும் கருவிக்கும் பெயர் வந்தது. கருவி எவ்வெவ்வாறு கெடும் என்பதற்கு ஆலைத் தளத்தில் ஏற்கெனவே வழங்கிய சொற்களை எவரும் திரட்டவில்லை. நான் புரட்டிய தமிழ்க் கலைச்சொல் தொகுதிகளில் பம்புக்குச் சொல் இருக்கிறது. சரளை அள்ளும் பம்புக்கு இல்லை. படித்தவர் ஆக்கிய சொற்கள் நூலேறின. உழைத்தவர் வழங்கிய சொற்கள், அவர்கள் ஓய்வுபெறும் நாளில் ஆலை வாசலோடு நின்றுவிடுகின்றன. நிரந்தரப் பணியாளர் குறைந்து, ஆண்டுதோறும் மாறும் ஒப்பந்தத் தொழிலாளர் பெருகியிருக்கும் இக்காலத்தில், அச்சொற்களைக் கற்பிக்க ஆளும் இல்லை, கற்கக் காலமும் இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்குப் போபால் சான்று. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு, யூனியன் கார்பைடு ஆலையில் மெத்தில் ஐசோசயனேட் இருந்த 610-ஆம் எண் கொள்கலனின் அழுத்தம் 10.20 மணிக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு எனப் பதிவாயிற்று. 10.45-க்குப் பணி மாறியது. 11 மணிக்கு அதே அழுத்தம் 10 பவுண்டு. அதுவும் இயல்பான எல்லைக்குள் அடங்கிய எண்ணே என்பதால் புதிதாய் வந்தவர்களை அது அச்சுறுத்தவில்லை. முக்கால் மணி நேரத்துக்குள் ஐந்து மடங்கு உயர்ந்தது என்ற செய்தி இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் பிறக்கும். முதல் எண் ஒரு பணிக்குழுவினுடையது; இரண்டாம் எண் மற்றொன்றினுடையது. அங்கிருந்த அளவிகள்மீது தொழிலாளருக்கு முன்பே நம்பிக்கை குறைந்திருந்தது. இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. தளத்தில் புழங்கியது இந்தி.

கருவிகளின் நிலையும் அவ்வாறே. கொள்கலனைக் குளிர்விக்கும் அமைப்பு அவ்வாண்டு ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்துக்குச் செல்லும் குழாயில் அரித்துப்போன ஒரு துண்டு கழற்றப்பட்டு, மாற்றுத் துண்டுக்காகக் காத்திருந்தது. இரவுப் பணியில் பராமரிப்பு மேற்பார்வையாளர் பதவியே சில நாட்களுக்கு முன் நீக்கப்பட்டிருந்தது. காகிதத்தில் எல்லாக் காவலும் இருந்தன, தளத்தில் இல்லை. விடிவதற்குள் ஆயிரக்கணக்கான வீடுகளில் மரணம் நுழைந்தது. உள்ளூர் இதழாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982-லிருந்தே இந்தியில் எழுதி எச்சரித்துவந்தார் என்பதும் நினைவிற்குரியது. சொல் இருந்தது. கேட்க வேண்டியவரிடம் அது சேரவில்லை.

நான்காண்டு கழித்து, ஸ்காட்லாந்தை அடுத்த வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் நேர்ந்ததும் கைமாற்றத்தின் பிழையே. 1988 ஜூலை 6 அன்று பகற்பணியாளர், இரண்டு பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைச் சரிபார்க்கக் கழற்றி, அந்த இடத்தைத் தற்காலிகத் தகட்டால் மூடியிருந்தனர். இரவில் மற்றொரு பம்பு நின்றுபோயிற்று. வால்வு கழற்றப்பட்ட செய்தி எட்டாத இரவுப் பணியாளர் முதற் பம்பை இயக்கினர். 167 பேர் உயிரிழந்தனர். அங்கே எல்லாரும் ஆங்கிலமே பேசினார்கள். ஆகவே தாய்மொழியில் எழுதிவிட்டால் போதும் என்று நான் வாதிடவில்லை. ஒருவர் அறிந்தது மற்றவருக்கு முழுதாய்ப் போய்ச் சேரும் வழியை ஆலை அமைத்திருக்கிறதா என்பதே கேள்வி. மொழி அவ்வழியின் ஒரு பகுதி. ஆனால் நம் நாட்டில் மிகவும் புறக்கணிக்கப்பட்ட பகுதி.

களப்பணியிலிருந்து எனக்குத் தோன்றுபவை எளியவை. ஒவ்வொரு பம்பின் பதிவிலும் தொழிலாளர் தம் சொல்லில் தம் எழுத்தில் ஒரு வரி எழுத இடம் வேண்டும். இப்போதைய அளவின் அருகே முந்தைய பணிநேரத்தின் அளவும் கண்ணில் பட வேண்டும். அப்போதுதான் எண் செய்தியாகும். பணி மாற்றிக்கொள்வோர் மேசையருகே கையொப்பமிடுவதோடு நில்லாமல், ஐயத்துக்குரிய இயந்திரத்தின் முன் இருவரும் நின்று பேசிக்கொள்ள வேண்டும். பழுது நீக்கியபின், எந்த ஒலியைக் கேட்டோம், திறந்தபோது எதைக் கண்டோம் என்ற இரண்டையும் இணைத்து எழுதிவைக்க வேண்டும். இக்கடைசிப் பழக்கம் நிலைபெற்றால், சில ஆண்டுகளில் ஒவ்வோர் ஆலைக்கும் தனக்கென ஓர் அகராதி உருவாகிவிடும்.

நான் செல்லும் ஆலையில் ஒரு மூத்த ஃபிட்டர் இப்பட்டியலைத் தொகுக்க எனக்கு உதவுகிறார். இதுவரை வங்காளத்தில் நாற்பத்தொரு சொற்கள் சேர்ந்துள்ளன. பத்தொன்பதுக்கு மட்டும், பம்பைத் திறந்து பார்த்துக் காரணத்தை உறுதிசெய்ய முடிந்தது. அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெறுகிறார். மீதமுள்ள இருபத்திரண்டையும் அதற்குள் முடித்தாக வேண்டும்.

தமிழ்ப் பட்டியல் இதைவிடச் சிறியது. மணலியிலோ கடலூரிலோ மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ ஆலைகளில் பணிபுரிந்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பம்பு கெடுமுன் எப்படிச் சத்தமிடும் என்று அவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதி அனுப்புங்கள். ஆலையின் பெயர் வேண்டாம். எந்த இயந்திரம், பிறகு என்ன பழுது கண்டார்கள் என்பது தெரிந்தால் போதும்.